நாகையா பெற்ற பிள்ளை

நாகையாவுக்குப் பெயர் வைத்தது அவர் அம்மா. தஞ்சாவூர் ஜில்லா மருதங்குடியில் பண்ணையாட்கள் குடியிருந்த தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பாம்புப் புற்று இருந்தது. அதற்கு நாற்பது நாள் பால் ஊற்றிப் பெற்ற மகன் என்பதால் நாகையா. அம்மாவைத் தவிர அந்த ஊரில் ஒருவரும் அந்தப் பெயரை முழுசாகச் சொன்னதில்லை. மேலத்தெருப் பிள்ளைமாருக்கு அதில் ஒரு தர்மசங்கடம். எருமை மேய்க்கிற பயலை 'நாகையா' என்று கூப்பிட்டால், அவனை 'ஐயா' என்று கூப்பிட்டது போல ஆகிவிடாதா? ஆகவே வாலை நறுக்கிவிட்டு 'நாகன்' என்று வைத்துக்கொண்டார்கள். அவர் அப்பா காத்தமுத்துவும் இப்படித்தான் காத்தான் ஆனார். ஒருவன் பெயர் எப்படி முடிகிறது என்று கேட்டால் போதும், அவன் எந்தத் தெரு, எந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்கலாம், யார் வீட்டு வாசல் வரைக்கும் வரலாம் என்பதெல்லாம் மருதங்குடியில் தெரிந்துவிடும்.

இருபத்து நாலு வயதில், மலாயா ரயில் பாதை வேலைக்கு ஆள் சேர்க்க வந்த ஒரு கங்காணியின் பின்னால் நாகையா கிளம்பிவிட்டார். மனைவி மாரியாயி, இரண்டு வயது மகள் பவுனம்மாள், ஒரு தகரப்பெட்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, கிள்ளானுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கினார்கள். மாரியாயி வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போயிருந்தாள். குழந்தை நாகையாவின் தோளில் உட்கார்ந்திருந்தது.

இறங்கியவர்களை வரிசையில் நிறுத்தி, மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கிராணி ஒருவன் பேரேட்டில் பெயர் எழுதினான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இருநூறு பேர் பாக்கி. நாகையாவின் முறை வந்ததும் அவன் நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பேனாவால் குழந்தையைக் காட்டி, "இது யாரு?" என்றான். பின்னால் நின்ற கங்காணி முந்திக்கொண்டு, "நாகையா புள்ளைங்க" என்றான். நாகையாவின் குழந்தை என்றுதான் அவன் சொன்னான். கிராணி, 'நாகையா பிள்ளை, மனைவி, மகள் ஒன்று' என்று இங்கிலீஷில் எழுதி, மை ஒற்றி, அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டான். எழுதியதை எட்டிப் பார்த்த கங்காணிக்குச் சிரிப்பு வந்தது. கிராணி எழுதியதைத் திருத்தச் சொல்லி யார் திட்டு வாங்குவது என்று அவன் பேசாமல் இருந்துவிட்டான்.

எழுதப் படிக்கத் தெரியாத நாகையாவுக்கு விஷயம் நாலு நாள் கழித்துத்தான் விளங்கியது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஆள் ஒதுக்கினவர், "நாகையா பிள்ளை யாரு?" என்று கேட்டார். இவர் கையைத் தூக்கியதும், "வாங்க, இப்படி வந்து நில்லுங்க" என்றார். பிறந்ததிலிருந்து 'வாடா' மட்டுமே கேட்ட காது அது. தப்பாக எழுதிவிட்டார்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது குற்றம் என்கிறவர்கள் இருபத்து நாலு வருஷம் 'வாடா' வாங்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்ளலாம். அவருக்குத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், முன் வரிசையில் ஒரு வீடு கிடைத்தது.

பதின்மூன்று வருஷம் அவர் நாகையா பிள்ளையாக இருந்தார். ரயில் வரும்போது தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை. ஒரு தடவைகூட ரயில் தடம் புரண்டதில்லை. லயத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பின்பக்கம் மாரியம்மனுக்கு ஒரு கோவில் கட்டினபோது மண் சுமந்தார், ஓடு வேய்ந்தார், ஆடித் திருவிழாவில் ஐந்தாம் நாள் உபயம் அவர் பெயருக்கு எழுதப்பட்டது. மகள் பவுனம்மாள் பதினைந்து வயதில் வளர்ந்து நின்றாள். ரயில் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் துடைக்கிற விளக்கு அறையில் வேலை பார்த்த ஒரு நல்ல பையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். நாகையா தன்னை மறந்து 'பிள்ளைவாள்' என்ற கூப்பாட்டுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். உள்ளே எங்கோ பயமும் இருந்தது. ஊர்க்காரன் எவனாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அந்தப் பயம்.

வந்தான். பக்கிரிசாமிப் பிள்ளை.

மருதங்குடி மேலத்தெருக்காரர். நாகையா எருமை மேய்த்தாரே, அந்தப் பண்ணை வீட்டு இளைய மகன். சொத்துப் பாகத்தில் அண்ணனோடு அடித்துக்கொண்டு கப்பல் ஏறி, தைப்பிங்கில் சில காலம் இருந்து, 1919-இல் பிரிக்பீல்ட்ஸ் சரக்குக் கொட்டகைக்குக் கிராணியாக மாற்றலாகி வந்தார். அவர் பெயரிலும் ஒரு கதை உண்டு. அண்ணனுக்கு அப்புறம் பிறந்த மூன்றும் தங்காமல் போக, அவர் அம்மா நாகூர் தர்காவுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் பக்கிரி. பக்கிரி என்றால் பிச்சை எடுக்கிறவன். எமனை ஏமாற்ற வைத்த பெயர். ஆனால் அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். பின்னால் 'பிள்ளை' இருக்கிறதே.

இந்த மனிதருக்கு ஒரு வியாதி இருந்தது. யாரைப் பார்த்தாலும் பெயரைப் பிடித்து இழுத்து, வேர் வரைக்கும் தோண்டிப் பார்த்தாக வேண்டும். 'நாயுடு' என்றால் தெலுங்கில் நாலு வார்த்தை பேசச் சொல்வார். 'செட்டியார்' என்றால் ஒன்பது கோவிலில் எந்தக் கோவில் என்பார். 'முதலியார்' என்றால் குலதெய்வம், அது இருக்கிற ஊர், அங்கே என்றைக்குப் பூசை என்று மூச்சு விடாமல் கேட்பார். பதில் தடுமாறினால் அவ்வளவுதான், அன்று முழுக்க அவருக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, "கடல் தண்ணி பட்டதும் பட்டம் முளைச்சிடுச்சு" என்பார். அவர் வந்த மூன்றாம் மாதம் ஆடி பிறந்தது.

ஐந்தாம் நாள் பூசை. கோவில் காரியஸ்தர் பட்டியலைப் பார்த்து, "இன்னைக்கு உபயம் நாகையா பிள்ளை" என்று படித்தார். பூசாரி நாகையாவின் தலையில் பரிவட்டம் கட்டினார். பக்கத்தில் பவுனம்மாள் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்திலிருந்து பக்கிரிசாமி முன்னால் வந்தார்.

"எந்த ஊர்ப் பிள்ளைங்க நீங்க?" என்று கேட்டார்.

நாகையாவுக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. வேறு ஏதாவது ஊரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு ஒத்துழைக்கவில்லை. "மருதங்குடிங்க" என்றார்.

"அட, நம்ம ஊரு. எந்தத் தெரு?"

நாகையா பவுனம்மாள் பக்கம் திரும்பினார்.

"மேலத்தெருவுல இருக்கறதே பதினோரு வீடு. எனக்குத் தெரியாத வீடு இருக்குமா?" பக்கிரிசாமி கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ காத்தான் மகன் நாகன்தானே?" என்றவர், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எங்க பண்ணையில எருமை மேய்ச்ச பயலுங்க இது. இவனுக்குப் பரிவட்டமா கட்டறீங்க?"

சிலர் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர்கள் யார் யார் என்று நாகையாவுக்குக் கடைசி வரைக்கும் ஞாபகம் இருந்தது. காரியஸ்தர் தயங்கித் தயங்கி, "அவுத்துடு நாகையா, பிரச்சினை வேணாம்" என்றார். பதின்மூன்று வருஷம் 'வாங்க போங்க' என்றவர், ஒரு நொடியில் 'அவுத்துடு' என்றார். நாகையா தானே பரிவட்டத்தை அவிழ்த்துப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலையிலேயே விளக்கு அறைக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்து, பேசிய பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் லயத்தில் அவருக்குப் பெயர் 'கப்பல் பிள்ளை'. குழாயடியில் கப்பல் பிள்ளை, கள்ளுக்கடையில் கப்பல் பிள்ளை, பாசார் என்கிற சந்தையில் மீன் விற்கிறவன்கூட, "வாங்க கப்பல் பிள்ளை" என்றான். மூன்று வாரத்துக்குள் பவுனம்மாளைக் காப்பார் ரப்பர் தோட்டத்தில் ஒரு பெண்டாட்டி செத்தவனுக்குக் கட்டிவைத்தார்கள். இரண்டாம் வருஷம் காய்ச்சலோடு பிரசவம் கண்டு, அவளும் போனாள், குழந்தையும் போயிற்று. காப்பாரிலிருந்து சேதி வந்து சேர்ந்தபோது அடக்கமே முடிந்திருந்தது.

என் மகளைக் கொன்றது பக்கிரிசாமி என்று நாகையா அன்றைக்கு முடிவு கட்டினார். அதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. குத்த வேண்டும், வெட்ட வேண்டும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாலு பேர் நடுவில் அந்த மனிதனின் முகம் விழ வேண்டும். தன் முகம் கோவிலில் விழுந்த மாதிரி விழ வேண்டும். அதைத் தான் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். பதின்மூன்று வருஷம் சரக்குக் கொட்டகைக்கு எதிரே தண்டவாளத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு, அதற்காகவே காத்திருந்தார்.

பக்கிரிசாமியின் புகழ் இதற்குள் கிள்ளான் வரைக்கும் பரவியிருந்தது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் அவரிடம் வந்து பெயரைக் கொடுத்து விசாரிப்பார்கள். அவரும் சளைக்காமல் ஒரே உபதேசத்தைச் சொல்வார். மலாயாவில் பட்டத்தை நம்பாதே, எந்தப் பட்டமானாலும் சரி, அதே ஊர்க்காரன் ஒருத்தன் நேரில் வந்து சொன்னால்தான் உண்டு. இப்படிச் சொல்லிச் சொல்லி எத்தனையோ கல்யாணத்தை நிறுத்தினார். அந்தப் பெண்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் அந்த உபதேசம் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 1934-இல் அவர் மகள் சீதாலெட்சுமிக்குப் பத்தொன்பது வயது. கிள்ளானில் அரிசிக்கடை வைத்திருந்த சோலையப்ப பிள்ளை தன் மகனுக்கு அவளைக் கேட்டார். எல்லாம் பேசியான பிறகு, "தப்பா நினைக்காதீங்க, நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். உங்க ஊர்க்காரங்க ஒருத்தர் வாயால, நீங்க இன்னாருன்னு நான் கேக்கணும்" என்றார் சோலையப்பன். பக்கிரிசாமிக்குச் சுருக்கென்று தைத்தது. மறுத்துப் பேச வழியில்லை. அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். பாகத் தகராறை மறக்காத அண்ணன், 'பக்கிரிசாமி என்ற பெயரில் எனக்குத் தம்பி கிடையாது' என்று ஒரு கார்டில் எழுதி அனுப்பிவிட்டார். மருதங்குடிக்காரன் என்று கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் தேடிப் பார்த்ததில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கிரிசாமி அந்த ஆளின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரவில்லை. மாரியாயி கொண்டுவந்த தண்ணீரை வாங்கவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. உதவி கேட்டு வந்தவரின் லட்சணம் அது.

"வர்ற வெள்ளிக்கிழமை கிள்ளான்காரங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

"என்ன வார்த்தைங்க?" என்றார் நாகையா. அந்த 'ங்க' தானாக வந்துவிட்டது. அதற்காகத் தன் நாக்கைத் தானே மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

"நாங்க மேலத்தெரு, பிள்ளைமாருன்னு. உள்ளதைத்தானே சொல்லப் போறே."

"நான் யாரா வந்து சொல்லணும்?"

"யாரான்னா?"

"பண்ணையாள் மகன் சாட்சி சொல்றதுக்கு அவங்க ஜமக்காளத்துல உட்கார வைப்பாங்களா? வாசல்ல நிக்க வச்சு விசாரிப்பாங்க. அதுக்கு நான் வர மாட்டேன்." நாகையா எழுந்து நின்றார். "நாகையா பிள்ளையா வரேன். நீங்க உங்க வாயால, அவங்க எல்லாருக்கும் முன்னால, அப்படிச் சொல்லி என்னை உட்கார வைக்கணும். முடியும்னா சொல்லுங்க, முடியாதுன்னா கிளம்புங்க."

பக்கிரிசாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ கெட்ட வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது தெரிந்தது. ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் மகள் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். "சரி, வந்து தொலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மாரியாயி அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த வீட்டுப் படியை மிதிச்சீங்கன்னா திரும்பி இங்க வராதீங்க" என்றாள்.

"சாட்சி சொல்லப் போகல. அந்த முகத்தைப் பார்க்கப் போறேன்" என்றார் நாகையா. தூக்கம் வராமல் ஐந்து நாள், என்ன பேசுவது, எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அந்தக் குடும்பத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததிலேயே கேவலமான ஒரு விஷயம் இருந்தது. அதை அவர் மாரியாயியிடம்கூடச் சொன்னதில்லை. அதைத்தான் வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை பக்கிரிசாமியின் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜமக்காளம் விரித்து, ஊதுவத்தி கொளுத்தியிருந்தது. சோலையப்ப பிள்ளை நாலைந்து சொந்தக்காரர்களோடு காலை ரயிலில் வந்திருந்தார். உள்ளே பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. நாகையா வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போட்டு வந்தார். பக்கிரிசாமி எழுந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து ஜமக்காளத்தில் உட்கார வைத்தார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

"இவர் நாகையா பிள்ளை. எங்க ஊரு. எங்க தெருதான்" என்றார் பக்கிரிசாமி.

பதினைந்து வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டபோது அப்படி ஒன்றும் இனிக்கவில்லை. வெந்நீரைக் குடித்த மாதிரி சப்பென்று இருந்தது நாகையாவுக்கு.

சோலையப்பன் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு தடவை இங்க ஆடித் திருவிழாவுக்கு நானும் வந்திருந்தேன்" என்றார். "இவர் தலையில கட்டின பரிவட்டத்தை அவுக்க வச்சது நீங்கதானே? பண்ணையில எருமை மேய்ச்சவன்னு சொன்னீங்க. இன்னைக்கு எங்க தெருன்னு சொல்றீங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

பக்கிரிசாமியின் நெற்றி வியர்த்தது. வாயைத் திறந்தார், மூடினார். அன்னைக்குப் பொய் என்றால் ஊரெல்லாம் அவர் நிறுத்திய கல்யாணங்கள் பல்லைக் காட்டும். இன்னைக்குப் பொய் என்றால் சம்பந்தம் கையை விட்டுப் போகும். நாகையா மட்டும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், சம்பந்தம் அங்கேயே முறிந்திருக்கும். ஆனால் எடுத்து வைத்ததைச் சொல்லாமல் எழுந்துபோக அவருக்கு மனசு வரவில்லை.

"இன்னைக்குச் சொன்னதுதான் பொய்" என்றார் நாகையா. "நான் பிள்ளை இல்லை. காத்தமுத்து மகன் நாகையா. இவங்க வீட்டுப் பண்ணையாள் மகன். பொண்ணைத் தள்ளிவிடறதுக்காக, உங்களுக்கு முன்னால கூசாம என்னைப் பிள்ளைங்கறாரு இந்தப் பெரிய மனுஷன்."

"அப்ப இவர்?" என்றார் சோலையப்பன்.

"இவர் பிள்ளைதான். அதுல சந்தேகம் வேணாம். சாட்சிதானே வேணும் உங்களுக்கு, கேளுங்க. ஒரு வருஷம் அறுப்பு நேரத்துல எங்கப்பா காய்ச்சல்ல படுத்துட்டாரு. மூணு நாள் வேலைக்குப் போகல. நாலாம் நாள் இவங்கப்பா ஆள் விட்டு இழுத்துட்டு வரச் சொல்லி, களத்து மேட்டுப் புளியமரத்துல கட்டி வச்சு சவுக்கால அடிச்சாரு. அடிச்சு முடிச்சுட்டு, சாணியைத் தண்ணியில கரைச்சு, ஒரு சொம்பு நிறையக் குடிக்க வச்சாரு. எனக்கு எட்டு வயசு. பார்த்துட்டு நின்னேன். இவரும்தான் நின்னாரு, கையில கரும்பு வச்சுத் தின்னுக்கிட்டு. எங்கப்பா சாகற வரைக்கும் அந்த வாசனை போகலன்னு சொல்லுவாரு. எந்த ஊர்ல எந்த வீட்டுக்காரன் அப்படிச் செய்வான்னு உங்களுக்கே தெரியும். இதுதான் என் சாட்சி."

சொல்லி முடித்துவிட்டு நாகையா மெல்லத் திரும்பிப் பக்கிரிசாமியின் முகத்தைப் பார்த்தார். இப்போது விழும், இதோ விழப் போகிறது என்று காத்திருந்தார்.

சோலையப்பன் தொண்டையைச் செருமினார். "எத்தனை குடி பண்ணையாள் இருந்தாங்க அங்க?" என்று கேட்டார்.

நாகையாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "பதினாறு குடி" என்றார்.

சோலையப்பன் தன் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பித் தலையாட்டினார். "பதினாறு குடி பண்ணையாள் வச்சு ஆண்ட வீடு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அந்தக் காலத்துக் கண்டிப்பு. நம்ம பெரியப்பா வீட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு." பக்கிரிசாமியைப் பார்த்து, "பொண்ணைப் பெத்தவர், பதற்றத்துல ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிட்டீங்க. அதை விடுங்க. தட்டைக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றார்.

பக்கிரிசாமியின் முகம் மலர்ந்தது. விழவில்லை, மலர்ந்தது. நாகையா கண்ணை இமைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களை மண்ணில் போட்டுத் தேய்ப்பதற்காக அவர் எடுத்து வைத்த வார்த்தை, அவர்களுக்கு நல்ல குடும்பம் என்ற அத்தாட்சியாகிவிட்டது. அப்பாவின் முதுகையும் அந்தச் சொம்பையும் தானே கொண்டுவந்து, இந்தக் கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டது போல அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நாகா" என்று பக்கிரிசாமி தோளில் கை வைத்தார். குரலில் நிஜமான அன்பு இருந்தது. "நல்ல நேரத்துல உள்ளதைச் சொன்னே. பின்கட்டுல இலை போடச் சொல்றேன். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

அதற்குள் யாரோ நாகையா உட்கார்ந்திருந்த இடத்தில் தாம்பூலத் தட்டு வைக்க ஜமக்காளத்தை இழுத்துச் சரிசெய்தார்கள். நாகையா எழுந்து பின்பக்கமாகப் போனார். சாப்பிடப் போகவில்லை. பின்வாசல் வழியாகப் போனால் யார் முகத்திலும் விழிக்காமல் தண்டவாளத்தோரம் இறங்கிவிடலாம். அங்கே கிணற்றடிச் சிமெண்டுத் தரையில் ஒரு இலை விரித்திருந்தது.

சீதாலெட்சுமி சோற்றுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அங்கே நின்றாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. அவள் வேலைக்காரியைப் பரிமாற அனுப்பியிருக்கலாம். அவளே வந்திருந்தாள்.

"உள்ளே இருந்து கேட்டேன்" என்றாள். "எங்க தாத்தா செஞ்சது... அது நிஜமாங்க?"

"நிஜம்."

"எங்கப்பா கரும்பு தின்னுக்கிட்டு நின்னது?"

"அதுவும்தான்."

அவள் முகம் அப்படியே விழுந்தது. கண் தரையை விட்டு மேலே வரவில்லை. பதின்மூன்று வருஷம் நாகையா பார்க்கக் காத்திருந்தது அதே முகம்தான். தப்பான ஆளின் தோள் மேல் இருந்தது. அவருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"அதைக் கேட்டுட்டுத்தான் அவங்க சரின்னாங்க" என்றாள் அவள். "எனக்கு அந்த வீட்டுக்குப் போக வேணாம். நீங்க உள்ளே போய்ச் சொல்லுங்க. நீங்க சொன்னதைத்தானே கேட்டாங்க."

"நான் சொல்லி இனிமே ஒண்ணும் ஆகாதும்மா."

"அப்ப நான் சொல்றேன். வேணாம்னு நானே போய்ச் சொல்றேன்."

"பொண்ணு சொல்றதை யாரும்மா கேக்கப் போறாங்க?" என்றார் நாகையா.

சீதாலெட்சுமி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கோவிலில் நடந்ததும் காப்பார் தோட்டமும் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கதைதான்.

"உங்க பொண்ணு வேணாம்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

சொல்லியிருந்தாள். அந்த மூன்று வாரமும் தினமும் சொன்னாள். கட்டிக்கிறவருக்கு என் வயசுல பொண்ணு இருக்குப்பா என்றாள். இங்கேயே இருக்கேன், யார் என்ன பேசினாலும் பரவாயில்லை என்றாள். கடைசி நாள் லோரியில் ஏற்றும்போது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தது பக்கிரிசாமி இல்லை. லயத்தில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற அவசரம் நாகையாவுக்கு இருந்தது. அதை இந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் தனக்குத்தானே ஒரு தடவைகூடச் சொல்லிக்கொண்டதில்லை. உள்ளே, தட்டு மாற்றப் பெண்ணைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"சொன்னா" என்றார் நாகையா.

"நீங்க கேட்டீங்களா?"

"இல்லைம்மா" என்றார்.